ஒரே ப்ராசஸ், பல எண்கள்

கன்டெய்னருக்குள் (நிரலைத் தனியாகப் பிரித்து ஓட்டும் சூழல்) 1 என்று தெரியும் பிஐடியை (ப்ராசஸின், அதாவது ஓடும் நிரலின், அடையாள எண்) கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) வெளி எண்ணாக "மாற்றித் தருகிறது" என்று நான் படித்த கன்டெய்னர் கட்டுரை ஒன்றில் இருக்கிறது. உண்மையில் மாற்றம் எதுவும் நடப்பதில்லை. லினக்ஸில் ப்ராசஸ் பிறக்கும்போதே அதன் சொந்த நேம்ஸ்பேஸில் (தனி எண்வரிசை கொண்ட அடுக்கு) ஒரு எண், தாய் நேம்ஸ்பேஸில் ஒரு எண் என்று வேர் வரை ஒவ்வொரு அடுக்கிலும் தனித்தனியாக ஒதுக்கிவிடுகிறார்கள். கேட்பவர் எந்த அடுக்கில் இருக்கிறாரோ அதற்குரிய எண் கிடைக்கும், அவ்வளவுதான். ஹோஸ்டில் (கன்டெய்னர் ஓடும் கணினி) ப்ராசஸ் தகவல்கள் இருக்கும் ப்ராக் கோப்பகத்துக்குள் அந்தப் ப்ராசஸின் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்து என்எஸ்பிஐடி வரியைப் பாருங்கள், எண்கள் வரிசையாக இருக்கும் (கெர்னல் 4.1 முதல்). 32 அடுக்குகள் வரை போகலாம். யாருக்குத் தேவையோ!

கட்டுரை தொடாமல் விட்டது எண் 1 ப்ராசஸின் சிறப்பு. அது செத்தால் அந்த நேம்ஸ்பேஸில் உள்ள எல்லாவற்றையும் கெர்னல் சிக்கில் (உடனே கொல்லும் சிக்னல், அதாவது ப்ராசஸுக்கான அறிவிப்பு) அனுப்பி முடித்துவிடும். அப்புறம், அது ஹேண்ட்லர் (சிக்னல் வந்தால் ஓடும் நிரல்பகுதி) வைக்காத சிக்னல்கள் அதைத் தொடாது. வெளி நேம்ஸ்பேஸிலிருந்து வரும் சிக்கில், சிக்ஸ்டாப் (ப்ராசஸைத் தற்காலிகமாக நிறுத்துவது) இரண்டும்தான் விதிவிலக்கு. இது தெரியாமல் நான் ஒரு வாரம் முழித்தேன். கன்டெய்னரை நிறுத்தும் டாக்கர் ஸ்டாப் கட்டளையைக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் சிக்கில் வரும் வரை சரியாக 10 விநாடி காத்திருப்பு. காரணம், எண் 1-ஆக ஓடியது நான் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட். டாக்கர் முதலில் அனுப்பும் சிக்டெர்ம் (முடித்துக்கொள் என்ற சிக்னல்) வந்தாலும் அது அசையவில்லை, உள்ளே ஓடிய சர்வருக்கும் சொல்லவில்லை. ஸ்கிரிப்டின் கடைசி வரியில் சர்வர் கட்டளைக்கு முன் எக்ஸெக் (ஸ்கிரிப்டின் இடத்தில் அந்தக் கட்டளையையே ஓட்டுவது) சேர்த்தேன், சர்வரே எண் 1 ஆனது, உடனே நின்றது.