முன்பக்க பிளேட்டைக் குனிந்து பார்த்தீர்களா?

போன கார்த்திகை மழையில் என் காரின் முன்பக்க நம்பர் பிளேட் தண்ணீரோடு போய்விட்டது. சிரிக்காதீர்கள். நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகிற வழியில் ஒரு பள்ளமான இடம், வயல் எது ரோடு எது என்று தெரியாமல் ஒரே வெள்ளக்காடு, முன்னால் போன பஸ்ஸின் தடத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் போனேன். எதிரே வந்த டிப்பர் லாரி ஒன்று வேகம் குறைக்காமல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது, அந்த அலை வந்து பம்பரில் அறைந்ததில் காரே ஒரு குலுக்கு குலுக்கியது. வீட்டுக்கு வந்து நிறுத்தியதும் பையன்தான் பார்த்துவிட்டு, "அப்பா, கார் மூக்கைக் காணோம்" என்றான்.

கார் வாங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. குனிந்து பார்த்தால், பிளேட்டைத் தாங்கும் கறுப்பு பிளாஸ்டிக் பிரேமும் சேர்ந்து போயிருக்கிறது. பிரேமுக்கு நாலு திருகு போட இடம் இருக்கும், பம்பரில் ஓட்டை இரண்டுதான். அதிலும் ஒன்றைக் கோணலாகப் போட்டு, பிடிக்காமல் போய், பக்கத்தில் இன்னொன்று போட்டிருக்கிறார்கள். ஆக மொத்தம் ஒன்றரைத் திருகில் ஏழு மாதம் ஓட்டியிருக்கிறேன்.

டெலிவரி எடுத்த அன்று இதைக் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். அன்றைக்கு யார் கவனிக்கிறோம்? அம்மா தேங்காயில் சூடம் ஏற்றிக்கொண்டிருக்கிறார், மச்சான் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைக்கிறார், ஷோரூம்காரர்கள் பெரிய அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு தம்பி டிரில்லிங் மெஷினோடு வந்து ஐந்து நிமிடத்தில் முன்னே ஒன்று, பின்னே ஒன்று மாட்டிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்லி என்ன, வரிசையில் இன்னும் ஆறு வண்டி நின்றது. நானோ சீட் கவரையும் மேட்டையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய வண்டியில் சட்டம் கேட்கிற ஒரு பொருளை மட்டும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முன்பெல்லாம் புது வண்டி என்றால் 'ஃபார் ரெஜிஸ்ட்ரேஷன்' என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் சுற்றுவோம், அது ஒரு பெருமையாகவே இருந்தது. அந்தக் காலம் போய்விட்டது. 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பதிவு எண் பலகை கட்டாயம், வண்டிக் கம்பெனியே டீலருக்குக் கொடுத்து, டீலர் மாட்டித் தர வேண்டும். அதே ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, பதிவு எண்ணை வண்டியில் மாட்டாமல் புது வண்டியை வாங்கியவரிடம் ஒப்படைக்கவே கூடாது என்றும் சேர்த்தார்கள். அதாவது பிளேட் மாட்டுவது ஷோரூம் நமக்குச் செய்கிற உபகாரம் கிடையாது. அவர்கள் கடமை. இறுக்கமாக மாட்டச் சொல்ல நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

இந்த பிளேட் வெறும் தகரமும் இல்லை. அலுமினியத் தகடு, மேலே ஒளியைத் திருப்பி அடிக்கும் படலம், இடது மேல் மூலையில் அசோகச் சக்கரம் போட்ட குரோமியம் ஹாலோகிராம், அதற்குக் கீழே நீல நிறத்தில் ஐஎன்டி என்ற எழுத்து, இன்னும் கீழே லேசரில் பொறித்த ஒரு எண். அந்த லேசர் எண் முன் பிளேட்டுக்கு ஒன்று, பின் பிளேட்டுக்கு வேறொன்று. இரண்டும் உங்கள் வண்டியின் பெயரில் 'வாகன்' என்கிற அரசின் வண்டிப் பதிவு இணையதளத்தில் ஏறியிருக்கும். காரின் முன்பக்கத்துக்கு வருகிற நீளப் பலகை 500-க்கு 120 மில்லிமீட்டர், எழுத்தின் உயரம் 65, தடிமன் 10, இடைவெளி 10. கண்ணாடியின் உள்பக்கம் இடது மூலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், பெட்ரோலுக்கும் சிஎன்ஜிக்கும் வெளிர் நீலம், டீசலுக்கு ஆரஞ்சு. அதுதான் கணக்குப்படி மூன்றாவது பிளேட், அதைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாமி படம் ஒட்டியவர்களை எனக்குத் தெரியும்.

பிளேட் போன மறுநாள் நான் முதலில் போனது ஸ்டிக்கர் கடைக்குத்தான், மறைக்க என்ன இருக்கிறது. கடைக்காரர் பழகியவர். "அண்ணே, அரை மணி நேரத்தில் அதே மாதிரி போட்டுத் தரேன், சக்கரம்கூட வரும்" என்றார். கையில் எடுத்தும் காட்டினார், அசப்பில் அதேதான். லேசர் எண்ணுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அதை யார் படிக்கப் போறாங்க?" என்றார். விபத்தோ திருட்டோ நடந்து வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்கும்போது படிப்பார்கள், அப்போது என் சொந்தக் காரில் நானே போலி பிளேட் மாட்டியவன் ஆகிவிடுவேன். வேண்டாம் என்று டீ மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

நேர் வழி கொஞ்சம் அலைச்சல். காவல் நிலையத்தில் பிளேட் காணாமல் போனதாகப் புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கினேன், "பிளேட்டா? வண்டி இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டார்கள். அதையும் ஆர்சி நகலையும் வைத்து மாற்றுப் பலகைக்குப் பணம் கட்டினேன். வந்து சேரும் வரை காரை வீட்டிலேயே போட்டுவிட்டு பைக்கில்தான் போக்குவரத்து. சட்டப்படி எண் சரியாகத் தெரியாத வண்டிக்கு முதல் தடவை 500 ரூபாய், அடுத்த தடவை 1,500. அந்தப் பணத்தைவிட, வழியில் யாராவது மறித்து விசாரிக்கிற சங்கடம்தான் எனக்கு ஒத்துவராது.

சரி, முன்னால் இல்லாவிட்டால் என்ன, பின்னால்தான் இருக்கிறதே என்று கேட்டார் மச்சான். அவருடைய தம்பி அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருந்தபோது காருக்கு முன்னால் பிளேட்டே கிடையாதாம், அங்கே பின்னால் மட்டும் போதும். ஒஹையோவிலும் 2020 ஜூலை 1 முதல் முன் பிளேட்டை எடுத்துவிட்டார்கள். பிறகு அந்தத் தம்பி டெக்சாஸுக்கு மாறினார், அங்கே இரண்டும் வேண்டும், ஓட்டையே இல்லாத புது பம்பரில் டிரில் போட மனசு வராமல் ஒரு மாதம் தள்ளிப்போட்டாராம். அது அந்த ஊர்ச் சட்டம். நம் ஊருக்கு முன் பிளேட் ஏன் வேண்டும் என்பதற்கு என்னிடம் ஒரு ஆட்டுக் கதை இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு அத்தை நாலு ஆடு வைத்திருக்கிறார். அறுவடை சமயம், ரோட்டில் பாதிக்கு நெல் காய்கிறது, மீதிப் பாதியில் வண்டிகள் வருகின்றன. ஒரு கார் வந்த வேகத்தில் சினை ஆட்டை அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. உரக்கடையில் கேமரா இருக்கிறது, ஓடிப்போய்ப் பார்த்தோம். கேமரா பார்த்தது வண்டியின் முகத்தை மட்டும்தான், பின்பக்கம் போவதற்குள் ஒரு டிராக்டர் குறுக்கே வந்து மறைத்துவிட்டது. முகத்தில் என்ன தெரிகிறது? புது வண்டி, ஏதோ கோவிலில் பூஜை போட்டுத் திரும்புகிறார்கள் போல, பம்பரை மறைத்து ஆளுயர மாலை, எட்டிப் பார்த்த இரண்டு எழுத்தின் மேலும் சந்தனம், குங்குமம். டிஎன் 50-ஆ, 68-ஆ, காரைக்காலின் பிஒய் 02-ஆ, ஒன்றும் தெரியவில்லை. அத்தை கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாலை நல்லா கட்டியிருக்கான்" என்று மட்டும் சொன்னார்.

பூஜை போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது, நானும் போட்டவன்தான். சந்தனத்தைப் பானெட்டில் வையுங்கள், மாலையைக் கொஞ்சம் மேலே கட்டுங்கள், எண்ணை விட்டுவிடுங்கள். அதே மாதிரிதான் கட்சிக் கொடி, புலிச் சின்னம், 'டெல்டாக்காரன்', சாதிப் பெயர் எல்லாம். அவற்றை பிளேட்டில் ஒட்டுவதற்கு விதியில் இடம் இல்லை. தமிழில் எண் எழுதிக்கொள்ளும் நண்பர்களோடுதான் எனக்குச் சண்டை போட மனசு வரவில்லை, எனக்கும் ஆசைதான். ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஆங்கில எழுத்து என்று தெளிவாக இருக்கிறது, அதை மாற்றச் சொல்லிக் கேட்கலாம், மாறும் வரை வண்டியில் எழுதிக்கொண்டு திரிவதில் பயன் இல்லை. பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பி மாட்டி அதன் பின்னால் எண்ணை ஒளித்து வைக்கிறவர்களிடம் அந்தத் தயவும் எனக்கு இல்லை. அந்தக் கம்பி மாட்டுவதே, வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52-க்கு எதிரானது என்று 2017-லேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

தை மாதம் வண்டி எடுக்கக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர் என் நட்பில் இருக்கிறீர்கள். சூடம் ஏற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் குனியுங்கள். பிரேமைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள், நாலு திருகும் இருக்கிறதா, கம்பெனி விட்ட இடத்தில்தான் மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கேமராவோ சென்சாரோ இருந்தால் அதை மறைக்கக் கூடாது, வண்டியை இழுக்கக் கொக்கி மாட்டுகிற மூடியையும் மறைக்கக் கூடாது. இரண்டு பிளேட்டின் லேசர் எண்ணையும் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், மெஷின்காரத் தம்பிக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தாலும் தப்பில்லை.

புது பிளேட் வந்து, இந்த முறை நாலு திருகும் என் கண்முன்னால் போட்டு, மாட்டியாகிவிட்டது. அப்புறம் பொங்கல் கழிந்து கதிர் அறுக்கும் மெஷின் இறங்கியபோது, அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்து வயல்காரர் போன் செய்தார், எண்ணை வைத்து யார் வண்டி என்று விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறார். வரப்போரம் சேற்றில் புதைந்து கிடந்ததாம் பழைய பிளேட், ஒரு முனை வளைந்து, பிரேமோடு, அந்த ஒன்றரைத் திருகில் அரைத் திருகு இன்னும் அதிலேயே இருக்கிறது. காணாமல் போனதாக எழுதிக் கொடுத்த பொருள் என்பதால் ஸ்டேஷனில் ஒப்படைக்கக் கழுவி வைத்திருக்கிறேன். பையன் தன் சைக்கிளில் மாட்டித் தரச் சொல்லி இரண்டு நாளாகச் சாப்பிடாமல் அடம் பிடிக்கிறான்.