அப்பா எந்தக் கப்பல்ல இருந்தாரு?

சென்னையில் கடற்படைக்காரர் ஒருவர் தவறிப்போனால் தெருமுனையில் வைக்கிற கண்ணீர் அஞ்சலி பேனரில் அடிக்கடி இரண்டு தப்பு இருக்கும். ஒன்று, "முன்னாள் ராணுவ வீரர்" என்று போட்டிருப்பார்கள். இரண்டாவது, பின்னணியில் இருக்கிற விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலின் படம். இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது 2022 செப்டம்பரில் சேவைக்கு வந்த புதிய விக்ராந்த். இறந்தவர் வேலை பார்த்ததோ 1961இல் வந்து 1997 ஜனவரியில் விடைபெற்ற பழைய கப்பல். 1980களில் ரிட்டயரானவர் தலைக்கு மேல் அவர் ஏறியே பார்க்காத கப்பல்! பேனர் அடிக்கிற பையனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. "அப்பா எந்தக் கப்பல்ல இருந்தாரு?" என்று கேட்டால் பெற்ற பிள்ளைகளுக்கே தெரிவதில்லை.

"அன்பான கணவர், பாசமிகு தந்தை" என்கிற வரி எல்லா அஞ்சலியிலும் இருக்கிறது. பொய்யில்லை. ஆனால் அந்த வரியில் அந்த மனுஷரைக் காணோம். அவர் என்ன வேலை செய்தார் என்று எழுதுங்கள்: எந்தப் பிரிவு, எந்தக் கப்பல், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, என்ன ரேங்க். இதற்காகத் தேடி எடுக்கிற அதே காகிதங்கள்தான் நாளைக்கு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியமும் வாங்கித் தரும். அதனால் இதை அவர் இருக்கும்போதே செய்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட், சர்வீஸ் சர்ட்டிபிகேட். பணியாற்றிய இடங்கள் ஐஎன்எஸ் (இந்தியக் கடற்படைக் கப்பல்) என்ற அடைமொழியோடு இருக்கும். அத்தனையும் கப்பல் என்று நினைத்துவிடாதீர்கள். ஐஎன்எஸ் சிவாஜி லோனாவாலாவில் இருக்கும் எஞ்சினியரிங் பயிற்சிக்கூடம். வல்சுரா ஜாம்நகரில் எலெக்ட்ரிக்கல் படிக்கிற இடம். சில்கா ஒடிசாவில், புதிதாகச் சேர்ந்த மாலுமிகளுக்கான பயிற்சித் தளம். நம்ம ஊர் ஐஎன்எஸ் அடையாறும் தரையில்தான் நிற்கிறது. "சிவாஜி என்ற போர்க்கப்பலில் பணியாற்றியவர்" என்று எழுதினால் அஞ்சலிக்கு வந்த பழைய கப்பல்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

அடுத்தது மெடல்கள். நம் சேவைப் பதக்கங்களின் விளிம்பில் சர்வீஸ் நம்பர், ரேங்க், பெயர் பொறித்திருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். புளி, பீதாம்பரி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். வீட்டில் சொல்லிவரும் கதைகளுக்கு இந்த மெடல்கள்தான் சாட்சி. 1971 போரில் கிழக்கு முனைக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனைக்குப் பச்சிமி ஸ்டார். விக்ராந்த் அப்போது வங்காள விரிகுடாவில் இருந்தது. டிசம்பர் 4 இரவு கராச்சியைத் தாக்கியதும், 9ஆம் தேதி நம் போர்க்கப்பல் குக்ரி மூழ்கியதும் அரபிக்கடல் பக்கம். "கராச்சியில அப்பாவும் இருந்தார்" என்று சொல்கிற வீட்டில் பூர்வி மட்டும் இருந்தால் கதையை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. 1987இலிருந்து 90 வரை அமைதிப்படை நாட்களில் இலங்கைக்குப் போனவர் என்றால் 'ஸ்ரீலங்கா' பட்டை உள்ள ஸ்பெஷல் சர்வீஸ் மெடல் இருக்கும். கராச்சி இல்லாமல் போனாலும் அவர் மதிப்பு குறைந்துவிடாது. கொதிக்கிற பாய்லர் ரூமில் பல வருஷம் நின்ற ஒருவருக்கு இரவல் வீரம் தேவையில்லை.

காகிதம் தொலைந்துவிட்டதா? 2015 வெள்ளத்தில் பறிகொடுத்த வீடுகள் இங்கே உண்டு. அப்போது பரணில் கிடக்கும் பழைய இன்லேண்ட் லெட்டர்கள் கைகொடுக்கும். கப்பல் பெயரும், 'ஃப்ளீட் மெயில் ஆபீஸ்' மும்பை அல்லது விசாகப்பட்டினம் என்ற முகவரியும் இருக்கும். தபால் முத்திரைத் தேதிப்படி அடுக்கினால் எந்த வருஷம் எந்தக் கப்பல் என்று தானே வந்துவிடும். லேமினேட் செய்ய வேண்டாம், பிறகு பிரிக்கவே முடியாது. பகல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் போட்டோ எடுத்தால் போதும். அந்தக் கடிதங்களில் இன்னொருவர் வாழ்க்கையும் இருக்கிறது. ஸ்கூல் பீஸ், மாமனார் வைத்தியம், ரேஷன் எல்லாவற்றையும் தனியாகச் சமாளித்தவர் அம்மா. "அன்பான கணவர்" என்பதற்கு ஆதாரம் வேண்டுமென்றால் அங்கே தேடுங்கள்.

அவர் பழக்கங்களையும் எழுதுங்கள். ரிட்டயரான பிறகும் நாலு மணிக்கே எழுந்து உட்காருவாரா? கப்பலில் காலை நாலிலிருந்து எட்டுவரை ஒரு வாட்ச், அதாவது காவல் முறை. சாயங்காலம் மட்டும் நாலு முதல் ஆறு, ஆறு முதல் எட்டு என்று இரண்டாகப் பிரிப்பார்கள், ஒரே ஆளுக்குத் தினமும் ஒரே நேரம் விழக்கூடாது என்பதற்காக. சத்தமாகப் பேசுகிறார் என்று குறைப்பட்டுக்கொள்ளும் பிள்ளைகள் எஞ்சின் ரூமின் இரைச்சலையும் நினைத்துப் பார்க்கலாம்.

இனி அலுவல். வீட்டில் இறந்தால் டாக்டரிடம் 4ஏ படிவத்தில் இறப்புக் காரணச் சான்று வாங்க வேண்டும். 21 நாளுக்குள் மாநகராட்சியில் பதிவு. சுடுகாட்டு அவசரத்தில் யாரோ ஒருவர் கூப்பிடுகிற பெயரைச் சொல்லிவிடுவார், அதுவே பதிவாகிவிடும். பென்ஷன் ஆணையில் இருக்கிற அதே எழுத்தைக் கொடுங்கள். தேசியக் கொடியை நாமாகப் போர்த்தக் கூடாது. அரசு, ராணுவ, துணை ராணுவ மரியாதையோடு நடக்கும் இறுதிச்சடங்குக்கு மட்டுமே கொடிச் சட்டம் அதை அனுமதிக்கிறது. ஏடிஎம் கார்டை அன்றே நிறுத்துங்கள். இறப்புக்குப் பிறகு வந்த பென்ஷனை எடுத்துச் செலவழித்தால் பின்னால் பிடித்துக்கொள்வார்கள்.

ஸ்பர்ஷ் என்கிற பாதுகாப்புத் துறை பென்ஷன் இணையதளத்தில் இறப்பைத் தெரிவித்து, சான்றிதழ், ஆதார், பான், வங்கி விவரம் ஏற்ற வேண்டும். மாலுமிகளின் ஆவணங்கள் மும்பை மான்குர்த், சீட்டா கேம்பில் உள்ள பியூரோ ஆஃப் செய்லர்ஸ் என்கிற கடற்படை அலுவலகத்தில் இருக்கின்றன. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அவர் வாங்கியது 50 சதவீதம் என்றால் ஏறக்குறைய பத்தில் ஆறு பங்குதான் அம்மாவுக்கு வரும். அவர் பென்ஷனில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கியதற்கான (கம்யூட்) பிடித்தம் இதில் கிடையாது. ஈசிஎச்எஸ் என்கிற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் உறுப்பினர் உரிமை மனைவிக்குத் தொடரும், கார்டு விவரத்தை மாற்ற வேண்டும். நேவல் குரூப் இன்ஷூரன்ஸ் உண்டா என்றும் விசாரியுங்கள். அந்தக் காப்பீடு ஓய்வுக்குப் பிறகும் சில காலம் நீடிக்கும், பலர் கேட்பதே இல்லை.

இவ்வளவும் சிக்குவது அநேகமாகப் பெயரில்தான். கடற்படைப் பதிவேட்டில் அம்மாவுக்குப் பிறந்த வீட்டு இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல், வங்கியில் இனிஷியலே இல்லை. பிறந்த தேதியும் அப்படித்தான். மனைவிக்கு 80 வயது நிறைந்தால் ஓய்வூதியத்தோடு 20 சதவீதம், 85இல் 30, 90இல் 40 என்று கூடுதல் தொகை உண்டு. பென்ஷன் ஆணையில் மனைவியின் பிறந்த தேதி இல்லையென்றால் அது தானாகத் தொடங்காது. அப்பா தெம்பாக இருக்கும்போதே, அவர் கையெழுத்திலேயே, இந்த இரண்டையும் திருத்தச் சொல்லி விண்ணப்பம் அனுப்பிவிடுங்கள்.