அப்பாவிடம் பேசிய டாக்டர்

ராத்திரி பதினொன்றரை மணி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவு. 108 வண்டியிலிருந்து இறக்கிய ஸ்ட்ரெச்சரில் அப்பா. பழைய ரிப்போர்ட்டெல்லாம் போட்டு வைத்திருந்த மஞ்சப்பையை நீட்டிக்கொண்டு, "டாக்டர், அப்பாவுக்கு வந்து..." என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் டாக்டருக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். முதுநிலை படிக்கிறவர். பையை வாங்கிக்கொண்டார். "ஒரு நிமிஷம் சார், முதல்ல அவர்கிட்டயே கேட்டுக்கிறேன்" என்று அப்பா பக்கம் குனிந்தார்.

"ஐயா, என்ன பண்ணுது உங்களுக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். பதில் சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. ஐந்து மாதமாக அவர் உடம்பைப் பற்றி யார் கேட்டாலும் நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதலில் காட்டியது ஒரு தனியார் மருத்துவமனையில். பெயர் வேண்டாம், அந்த டாக்டர் கெட்டவரும் இல்லை. ரிப்போர்ட்டைப் புரட்டினார், அப்பாவை வெளியே உட்காரச் சொன்னார், "ரெண்டு கிட்னியும் போச்சு சார், டயாலிசிஸ் வரைக்கும் போகும், ரெடியா இருங்க" என்றார். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது நான்தான். அவரும் உடனே சரி என்றார். அவருக்கும் ஒரு வேலை மிச்சம். வெளியே வந்து, "உப்பு கொஞ்சம் ஏறியிருக்காம்ப்பா, வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய யூரியா, கிரியாட்டினின் மாதிரிக் கழிவு எல்லாவற்றுக்கும் நம் ஊரில் உப்பு என்றுதான் பெயர். லேப்காரரிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா வரை அப்படித்தான் சொல்வார்கள். அப்பா முப்பத்தெட்டு வருஷமாக மோட்டார் காயில் கட்டுகிறவர். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள். உப்பு ஏறியிருக்கிறது என்றால் உப்பைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதானே? ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் ஒரே நாளில் விட்டார். உடம்புக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று காலையில் ஒரு இளநீர், ராத்திரி இரண்டு வாழைப்பழம்.

வீட்டில் சிறுநீரக நோயாளி இருப்பவர்களுக்கு இதைப் படிக்கும்போதே வயிற்றைக் கலக்கும். இளநீர், வாழைப்பழம் இரண்டிலுமே பொட்டாசியம் அதிகம். அதை வெளியே தள்ள வேண்டிய சிறுநீரகம் தள்ளாது. ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போய்க் கடைசியில் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். டயட் சீட்டு ஒன்று கொடுத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. தலைப்பிலேயே நோயின் பெயர் போட்டிருந்ததால் அப்பா கண்ணில் படாமல் பையில் வைத்துக்கொண்டேன். நானும் அதை ஒழுங்காகப் படிக்கவில்லை. இளநீர்க்காரரிடம் மாதக் கணக்கு வைத்துக் கொடுத்தது யார் என்று கேட்கிறீர்களா? நானேதான்.

அன்று ராத்திரி அப்பாவால் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. ஈசிஜி எடுத்ததும் அந்த டாக்டரின் கைகள் வேகமாகின. பொட்டாசியம் 7.1. 3.5-லிருந்து 5-க்குள் இருக்க வேண்டியது. வேகம் கூடியதே தவிர அவர் பேச்சை நிறுத்தவில்லை. "ஐயா, இது கால்சியம் ஊசி, இதயத்துக்குப் பாதுகாப்பா போடுறோம், உடம்பு சூடாகுற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க." அடுத்து இன்சுலின் என்று சிஸ்டரிடம் சொன்னது அப்பா காதில் விழுந்துவிட்டது. "எனக்குச் சுகர் இல்லையேம்மா?" என்று பதறினார். எத்தனையோ டாக்டர்கள் இந்தக் கேள்விக்கு "நீங்க சும்மா படுங்க" என்றுதான் சொல்லியிருப்பார்கள். இவர், "சுகருக்கு இல்லைங்கய்யா. ரத்தத்துல இருக்கிற பொட்டாசியத்தை இந்த மருந்து செல்லுக்குள்ள தள்ளிவிடும். சுகர் இறங்கிடாம இருக்க குளுக்கோஸும் சேர்த்துத்தான் ஏத்துறோம்" என்றார். இதைச் சொல்லப் பத்து விநாடி ஆகியிருக்குமா?

விடியற்காலை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எழுந்து அவரைத் தனியாகக் கூப்பிடப் பார்த்தேன். அவர் அப்பாவிடம் கேட்டார்: "உங்க உடம்பைப் பத்திப் பேசணும். உங்க மகன் கூட இருக்கலாமாய்யா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் இருக்கலாமா கூடாதா என்று அப்பாவிடம் அனுமதி கேட்டவர் அவர். அப்பா தலையாட்டினார். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை, இனி வாரம் இரண்டு தடவை மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், அதை நிறுத்த முடியாது என்று சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டார். அப்பா முதலில் கேட்டது இதைத்தான்: "அப்ப, உப்பு இல்லையா?"

பிறகு, "இளநீ குடிச்சது தப்பாம்மா?"

"உங்ககிட்ட யாருமே சொல்லலையேய்யா. உங்க மேல தப்பு இல்ல." அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

எத்தனை நாள் தாங்கும் என்று அப்பா கேட்டார். "அதைச் சொல்ல என்னால முடியாதுங்கய்யா. ஆனா பல வருஷமா டயாலிசிஸ் பண்றவங்க மேல் மாடியில இருக்காங்க. வாங்க, காட்டுறேன்." பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ராத்திரி டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வீல்சேர் கூடவே வந்தார். அங்கே ஒருவர் ஒரு கையில் ஊசிக் குழாயோடு, மறு கையில் தந்தி பேப்பரோடு படுத்திருந்தார். ஆறு வருஷமாக வருகிறாராம். "வாங்கண்ணே, ஏசி ரூமு, நாலு மணி நேரம் நல்லாத் தூங்கலாம்" என்றார். அப்பா சிரித்துவிட்டார்.

இதை இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் இருக்கிறது. மருத்துவர்களின் கருணை என்றதும் முகநூலில் நாம் எல்லோரும் பகிர்வது ஐந்து ரூபாய் டாக்டர்களின் படத்தைத்தான். வடசென்னை டாக்டர் ஜெயச்சந்திரன் 2018-லும், வியாசர்பாடி டாக்டர் திருவேங்கடம் 2020-லும் காலமானபோது நானும் கண் கலங்கிப் பகிர்ந்தவன்தான். அவர்கள் செய்தது சாதாரணக் காரியம் இல்லை. ஆனால் கருணையை ஃபீஸ் கணக்கில் மட்டுமே அளந்து பழகிவிட்டோம். நோயாளி முகத்தைப் பார்த்து அவர் நோயை அவரிடமே சொல்வதை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வயதானவர் என்றால் டாக்டர் மகனிடம் பேசுவார், பெண் என்றால் புருஷனிடம் பேசுவார். நோய்க்குச் சொந்தக்காரர் நடுவில் மேஜை நாற்காலி மாதிரி உட்கார்ந்திருப்பார். பாசம் என்று பெயர் வைத்து இதை நடத்துவது பாதி நாம்தான். நான் செய்த மாதிரி.

நேரம் இல்லை என்பார்கள். உண்மைதான். 2017-ல் பிஎம்ஜே ஓப்பன் என்ற மருத்துவ இதழ் 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து ஓர் ஆய்வு வெளியிட்டது. ஒரு நோயாளிக்கு டாக்டர் செலவிடும் சராசரி நேரம் வங்கதேசத்தில் 48 விநாடி, ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கும் மேல். நம் நாடு அந்தப் பட்டியலில் எந்தப் பக்கம் இருக்கும் என்பதை ஓபி வரிசையில் நின்ற யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் "என்ன பண்ணுது உங்களுக்கு?" என்று என்னிடம் கேட்டாலும் அப்பாவிடம் கேட்டாலும் ஆகிற நேரம் ஒன்றுதான். 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, நெறிமுறை, நோயாளியிடம் பேசும் முறை எல்லாம் சேர்ந்த ஒரு பாடமே வந்துவிட்டது. கருணை பிறவிக் குணம், கற்றுத்தர முடியாது என்கிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை.

எங்கள் அப்பத்தா கதையே அதற்குச் சாட்சி. தொண்ணூறுகளின் நடுவில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம் போட்டார்கள். புரை முற்றியிருந்தவர்களைப் பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிப்போய், ஆபரேஷன், சாப்பாடு, தங்கல் எல்லாம் இலவசமாகக் கொடுத்துத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கியது அது. முடக்குவாதத்தால் வளைந்துபோன விரல்களோடு கண் அறுவை செய்தவர் என்பதை மதுரைப் பக்கம் எல்லோரும் அறிவார்கள். ஆனால் அப்பத்தா கடைசி வரை பேசியது டாக்டரைப் பற்றி இல்லை, "அந்தப் புள்ளை"யைப் பற்றி. கண் பக்கத்தில் ஊசி போடுமுன் கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, சுருக்குன்னு இருக்கும், பத்து எண்ணுங்க, முடிஞ்சிரும்" என்று கூடவே எண்ணிய சிஸ்டர். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து அங்கே வேலைக்கு வைக்கிறார்கள். எதைச் செய்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்வது அந்தப் பிள்ளைகளின் கைப்பழக்கமாகவே ஆகியிருந்தது. "எட்டுதான் எண்ணுனேன், அதுக்குள்ள முடிச்சிட்டா" என்பாள் அப்பத்தா.

இப்போது அப்பாவின் டயாலிசிஸ் டெக்னீஷியனுக்கு வருகிறேன். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பையன், ஒப்பந்த ஊழியர். இடது கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா போட்டு, ஒன்றரை மாதம் கழித்து முதல் தடவை அதில் ஊசி ஏற்றும் நாள். அப்பா முகம் வெளிறியிருந்தது. ஆணி மாதிரி ஊசி, அதுவும் இரண்டு. அவன் அப்பாவின் வலது கை விரல்களை எடுத்து இடது கைத் தழும்பின் மேல் வைத்தான். "தொட்டுப் பாருங்கய்யா, உள்ள ஓடுறது தெரியுதா? தினம் காலையில எந்திரிச்சதும் இதைத் தொட்டுப் பாருங்க. அதிர்வு இல்லைன்னா உடனே எனக்குப் போன் அடிங்க. இந்தக் கையில பிபி பார்க்க விடாதீங்க, ஊசி போட விடாதீங்க, யாரு கேட்டாலும்."

அப்பா கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "பேரிங் நல்லா ஓடுது" என்றார். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதம். மெஷினில் ரத்தத்தை இழுக்கும் பம்ப் எந்த வேகத்தில் சுற்றுகிறது, அலாரம் எதற்கு அடிக்கிறது எல்லாம் அவன் சொல்லிக் கொடுத்தான். பொட்டாசியம் குறையக் காய்கறியை நறுக்கி வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமைக்க வேண்டும் என்று அம்மாவுக்கும் அவனே சொன்னான். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும், தாகம் தாங்கவில்லை என்றால் ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளலாம் என்பதும் அவன் சொன்னதுதான். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் எடை எவ்வளவு கூடியது என்று அப்பா இப்போது நோட்டுப் போட்டு எழுதுகிறார். எனக்குக் காட்டுவதில்லை. கேட்டால் சொல்வார்.

அரசு மருத்துவமனையைப் புனிதமாக்குகிறாயா என்று சிலர் வருவீர்கள். அங்கே கக்கூஸ் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வீல்சேர் தள்ளக் காசு கேட்டதும், கொடுத்ததும் நடந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தால் டயாலிசிஸுக்கு நாங்கள் பணம் கட்டவில்லை, ஆனால் அந்த அட்டைக்கு அலைந்த அலைச்சல் தனிப் பதிவு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015-ல் தேர்வு எழுதி அரசு மருத்துவமனைகளுக்கு ஒப்பந்தத்தில் வந்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய்தான் கொடுத்தார்கள். பெயர் தொகுப்பூதியம். அவர்களை வெள்ளுடை தேவதை என்று போஸ்டர் போட்டவர்களும் நாம்தான். நல்ல வார்த்தை பேசுகிறவர்களைத் தெய்வமாக்கிவிட்டால் சம்பளம் கேட்கமாட்டார்கள் என்று ஒரு சௌகரியம் போல.

போன வெள்ளிக்கிழமை ஊசி ஏற்றும்போது அந்தப் பையன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். வீட்டில் ரெண்டு நாளாகத் தண்ணீர் ஏறவில்லை, அரை எச்.பி. மோட்டார் ரிப்பேர், மெக்கானிக் ரெண்டாயிரம் ஆகும் என்கிறான் என்றான்.

அப்பா படுத்தபடியே கேட்டார்: "சுவிட்ச் போட்டா என்ன பண்ணுது தம்பி?"

"ம்ம்ம்னு முனகுதுங்கய்யா. சுத்த மாட்டேங்குது."

"கையால லேசாச் சுத்திவிட்டா ஓடுதா?"

"ஆமா, ஓடுது."

"காயில் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். கெபாசிட்டர் போயிருக்கும், வேற ஒண்ணும் இல்ல. கழட்டி எடுத்துட்டு வா, நான் மாத்தித் தரேன்."

மோட்டார் இப்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று பேரிங்கையும் மாற்றிவிட்டார். செவ்வாய்க்கிழமை டயாலிசிஸுக்குப் போகும்போது ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போக வேண்டுமாம்.