செய்கிறவர்களிடம் மட்டும்தான் கணக்குக் கேட்பீர்களா?

அந்த வீடியோவை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம், அதற்கு வந்த லைக்கே போதும். ஞாயிற்றுக்கிழமை மடிப்பாக்கத்தில் கல்யாண மண்டபத்து வாசலில் கரண்ட் செலவைக் குறைக்கவும் மாடியில் சோலார் போடவும் வழி சொல்கிற எங்கள் குழு மேசை போட்டு, வருகிறவர்களின் ஈ.பி. பில்லைப் பார்த்துக்கொண்டிருந்ததை யாரோ எதிர்ப்பக்கம் நின்று எடுத்திருக்கிறார். கேமரா முதலில் பேனரைக் காட்டுகிறது. அடுத்து பக்கத்தில் நிற்கும் காரைக் காட்டுகிறது. அப்புறம் மேசை மேலிருந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் போய் நின்றுவிடுகிறது. கீழே ஒரு வரி: “ஏசி கார்ல வந்து பூமியைக் காப்பாத்துறாங்களாம்.” சிரிப்பு வரும்படிதான் எடுத்திருக்கிறார். திறமைசாலி.

அந்தக் காரில் வந்தவருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்க முடியாது. பாட்டில் மண்டபத்து வாட்ச்மேன் பாசமாகக் கொண்டுவந்து வைத்தது. இந்த விளக்கத்தை எல்லாம் நான் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது பாருங்கள், அதுதான் எரிச்சல். அன்றைக்கு அந்தத் தெருவில் எத்தனையோ கார் நின்றது. ஜவுளிக் கடைக்கு வந்தவர்களின் காரை யாரும் படம் எடுக்கவில்லை. பில் பார்க்க வந்தவரின் கார் மட்டும் குற்றம்.

பூமியைக் காப்பாற்றுவதாக நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. நாங்கள் செய்வது கிட்டத்தட்ட குமாஸ்தா வேலை. ஈ.பி. பில்லை வாங்கிப் பார்ப்போம். வீட்டில் எந்தச் சாமான் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று கேட்போம். உதாரணத்துக்கு, பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும், கரண்டைக் குறைவாக இழுக்கிற புது ரக பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சொச்சம். 15 மணி நேரம் ஓடுகிற ஃபேனை மாற்றினால் ஒரு பில்லுக்கு, அதாவது இரண்டு மாதத்துக்கு, 36 யூனிட் போல மிச்சம். சின்ன விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் 520 யூனிட்டில் நிற்கிற வீட்டுக்கு அது சின்ன விஷயம் இல்லை. 500ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் குறைந்த விலையும் போய்விடும். இது தெரியாமல் வருஷக்கணக்காகப் பணம் கட்டியவர்கள் எங்கள் மேசையில் வந்து தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

அப்புறம் சோலார். வீட்டு மாடியில் சோலார் போட மத்திய அரசு 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். அடுக்குமாடிகளில் பொது உபயோகத்துக்குப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000. சென்னை வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளைக்குச் சுமார் 4 யூனிட் கொடுக்கும். மொட்டை மாடியில் 100 சதுர அடி போல இடம் வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதை எல்லாரும் கூகுளில் பார்த்துவிடலாம். பார்த்த பிறகு மாட்டிக்கொள்வது எங்கே என்றால் காகிதத்தில்.

ஒரு பாட்டி வந்தார். பிளாஸ்டிக் கவரில் பழைய ஈ.பி. கார்டு, ஓரமெல்லாம் மஞ்சளித்துப் போயிருந்தது. இணைப்பு காலமாகிவிட்ட அவர் கணவர் பெயரிலேயே இருக்கிறது. மானியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் முதலில் பெயர் மாற்ற வேண்டும், அதற்கு வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளிடம் ஆட்சேபணை இல்லை என்று கடிதம். மகன் மஸ்கட்டில், மகள் திருச்சியில். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வாசல் போர்டுல அவர் பேரு போன தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போதே போயிடுச்சு. இதுலயும் எடுத்துட்டா எங்கேயுமே இருக்காதேம்மா” என்றார். அதற்கு எங்களிடம் ஃபார்ம் இல்லை. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அவரே, “சரி, எழுது” என்றார். வேலை இன்னும் முடியவில்லை, திருச்சிக் கடிதம் வர வேண்டும். எங்கள் ‘காலநிலைப் போராட்டம்’ இதுதான் ஐயா. வாரிசுச் சான்றிதழ்.

இப்போது கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன்.

“நாலு வீட்டு மாடியில் சோலார் தகடு மாட்டினால் என்ன ஆகிவிடும்? தொழிற்சாலைக்காரனைக் கேளுங்கள்.” கேட்கத்தான் வேண்டும். நீங்கள் எப்போது கேட்டீர்கள் என்று சொன்னால் நாங்களும் கூட வருகிறோம். 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அது தொழிற்சாலை மட்டும் இழுத்தது இல்லை. உங்கள் வீட்டு ஏசியும் என் வீட்டு ஏசியும் அதில் இருக்கிறது. ஆமாம், என் வீட்டிலும் ஏசி இருக்கிறது. அதையும் வந்து படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபில்டரை நேற்றுதான் கழுவி வைத்தேன், பளிச்சென்று விழும்.

“தகடு செய்யவும் கரண்ட் வேண்டும், 25 வருஷம் கழித்து அது குப்பை.” சரி. நிலக்கரிச் சாம்பல் 25 வருஷம் காத்திருப்பதில்லை, அன்றைக்கே குப்பை. அடுத்த கேள்வி.

“மிக்ஜாம் புயலில் உங்கள் சோலார் என்ன கிழித்தது?” இதைத்தான் நேற்றிலிருந்து எல்லாரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2023 டிசம்பரில் எங்கள் பக்கம் தண்ணீர் நின்றபோது கரண்ட் இல்லை. மழை விட்டு வெயில் வந்துவிட்டது. எதிர்வீட்டு மாடியில் தகடு பளபளவென்று மின்னுகிறது, கீழே அந்த வீட்டுக்காரரே போன் சார்ஜ் போட ஆள் தேடிக்கொண்டிருந்தார். தெருவே சிரித்தது. ஆனால் அது பழுது இல்லை, அந்த அமைப்பே அப்படித்தான். ஈ.பி. லைனோடு சேர்த்த சோலாரில் லைனில் கரண்ட் போனால், தகட்டின் கரண்டை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் உங்கள் மாடியிலிருந்து கரண்ட் திரும்ப லைனுக்குப் போகும். அந்த நேரத்தில் கம்பத்தில் ஏறி அறுந்த கம்பியைக் கட்டிக்கொண்டிருப்பவர் உயிரோடு இறங்க மாட்டார். இடுப்பளவுத் தண்ணீரில் வந்து வேலை பார்த்த லைன்மேனின் உயிரைவிட உங்கள் போன் சார்ஜ் பெரிது என்றால் சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன். கரண்ட் போனாலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும், செலவு கூடும். இதைப் பேனருக்குக் கீழே தொங்கவிட்டிருந்த அட்டையிலேயே எழுதியிருந்தோம். வீடியோவில் அந்த அட்டை மட்டும் வரவில்லை.

எனக்கு இவ்வளவு ஏன் கோபம் வருகிறது என்று கேட்டால், என் அக்கா அத்திப்பட்டுப் புதுநகரில் இருக்கிறாள். வடசென்னை அனல்மின் நிலையத்துக்குப் பக்கம். அங்கே அவளைப் பார்க்கப் போனால் முதலில் மாடிப்படிக் கைப்பிடியைத் துடைக்கிற துணிதான் கண்ணில் படும், எப்போதும் அங்கேயே தொங்கும். துடைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். வடாம் போட்டால் வெள்ளைத் துணியை மேலே போர்த்த வேண்டும், காக்காய்க்காக இல்லை. கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கலப்பதைப் பற்றி மீனவர்கள் எத்தனை வருஷமாகக் கத்துகிறார்கள். சாம்பல் கலந்த சேற்றைக் கொண்டுபோகிற குழாய் ஆற்றைக் கடந்துதான் போகிறது. குழாய் ஒழுகினால் இறால் பிடிக்கிறவர் காலில்தான் அந்தச் சேறு. 2024 மார்ச்சில் அதே இடத்தில் புதிதாக 800 மெகாவாட் அலகு ஒன்றைத் திறந்தார்கள். கரண்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மடிப்பாக்கத்தில் நான் சுவிட்ச் போடுகிறேன், துணியை அக்கா துடைக்கிறாள். இது எனக்கு உறுத்துகிறது. உங்களுக்கு உறுத்தவில்லை என்றால் உங்கள் சமாச்சாரம், உறுத்துகிறவரைப் பார்த்து எதற்குச் சிரிக்கிறீர்கள்?

சென்னை மாநகராட்சி 2023இல் காலநிலைச் செயல்திட்டம் வெளியிட்டது. 2050க்குள் நிகர சுழிய உமிழ்வு, அதாவது காற்றில் விடுகிற கரியும் திரும்ப ஈர்க்கப்படுகிற கரியும் சமமாக வேண்டும் என்று அதில் இருக்கிறது. நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. அதைப் பற்றி ஒருவரும் ரீல்ஸ் போடவில்லை, படிக்க வேண்டியிருக்கும் என்பதால் இருக்கலாம். மேசை போட்டு உட்கார்ந்தவர்கள்தான் கண்ணுக்கு லேசாக அகப்படுகிறார்கள். சும்மா இருக்கிறவர் எதற்கும் பதில் சொல்ல வேண்டாம், ஒரு வேலையைத் தொட்டவர் மட்டும் பாட்டிலுக்கும் காருக்கும் செருப்புக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்த வீடியோவுக்கு ‘ஹா ஹா’ போட்டவர்களில் ஒருவர் வீட்டு மாடியில் இப்போது தகடு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தது நான்தான். பெயர் சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரியும்.

ஒரே ஒரு கமெண்டுக்கு மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. “சொந்த மாடி இருக்கிறவங்களுக்கு சோலார், வாடகைக்கு இருக்கிற எங்களுக்கு என்ன?” என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். நியாயம். ஃபேனை மாற்றச் சொல்லலாம், வீடு காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம், அதற்கு மேல் எங்களிடம் பதில் இல்லை. ஆனால் அவர் கேட்டதை யோசித்துக்கொண்டிருந்ததில் வேறொன்று தோன்றியது. ஒரே இணைப்பை வைத்துக்கொண்டு மூன்று குடித்தனத்துக்கும் சப் மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது என்று ஓனர்கள் வசூல் செய்கிறார்களே, அதை யார் கேட்பது? வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆளுக்கொரு இணைப்பு இருந்தால் அந்த 100 யூனிட் குடித்தனக்காரருக்கும் கிடைக்கும். இப்போது அது ஓனர் பில்லில் கழிந்து, குடித்தனக்காரரிடம் முதல் யூனிட்டிலிருந்தே காசு. இதில் மாடியில் சோலார் வேறு போட்டுவிட்டு, வெயில் கொடுத்த கரண்டுக்கும் அதே ஒன்பது ரூபாய் வாங்குகிற ஒரு புண்ணியவானை எனக்குத் தெரியும். எங்கள் குழுவில் ஓனர்கள்தான் அதிகம், இதைப் பேசினால் முகம் சுருங்கும். சுருங்கட்டும். அடுத்த கூட்டத்தில் முதல் விஷயமாக இதைத்தான் எடுக்கப் போகிறேன்.

வருகிற ஞாயிறும் அதே மண்டபத்து வாசல், காலை 10 மணி. கடைசி மூன்று பில் கொண்டுவாருங்கள். குடித்தனக்காரர்கள் ஓனர் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டைக் கொண்டுவந்தால் போதும். ஓனரிடம் சொல்லிவிட்டு வர வேண்டிய அவசியம் இல்லை.