சிற்றாறு அணைக்கும் பாசன சானல் கரைக்கும் கசிவ கண்டுபிடிக்க முதல்ல கேபிள் போடுங்க

மழை தொடங்குனா நம்ம குமரி மாவட்டத்துல எல்லாரும் கேக்குறது பேச்சிப்பாறை அணை எத்தன அடி, பெருஞ்சாணி அணை எத்தன அடின்னுதான். முழு அளவு 48 அடிக்கு எவ்வளவு, 77 அடிக்கு எவ்வளவுன்னு காலையிலயே வாட்ஸ்அப்ல வந்துரும். அணையில கசிஞ்சு போற வெள்ளத்த, அதாவது தண்ணிய பத்தி மட்டும் யாரும் கேக்குறதில்ல, எனக்கு அதுதான் பெரிய கவல.

பேச்சிப்பாறை 1906ல முடிஞ்ச கல் அணை. சிற்றாறு ஒண்ணும் ரெண்டும் மண் அணை, அங்கதான் ரொம்ப கவனம் வேணும். மண்ணுக்குள்ள வெள்ளம் ஒரு வழி கண்டுட்டா கூடவே மண்ணையும் அரிச்சுட்டு போவும், வெளிய கரை நனைஞ்சு நாம பாக்கும்போது நேரம் கடந்திருக்கும். 1976 ஜூன் 5ஆம் தேதி அமெரிக்காவுல டீட்டன் அணை இப்படித்தான் போச்சு, முதல் தடவை நிரப்பும்போதே, காலையில கசிவ பாத்து புல்டோசர் கொண்டுவந்து அடைக்கப் பாத்தாங்க, மத்தியானம் 12 மணிக்கு முன்னாடியே அணை ஒடஞ்சுது, 11 பேர் செத்தாங்க.

இப்பம் இதுக்கு ஃபைபர் ஆப்டிக் கேபிள் இருக்கு. நம்ம வீட்டு இன்டர்நெட்டுக்கு வர்ற அதே மாதிரி கண்ணாடி இழைதான், அணையோட வெளிப்பக்க அடிவாரத்துல குழி வெட்டி நீளமா புதைக்குறாங்க. ஒரு முனையில லேசர் ஒளி விட்டா இழை முழுக்க கொஞ்சம் கொஞ்சமா சிதறி திரும்பி வரும், அந்த ஒளிய வச்சு வெப்பநிலைய கணக்கு போடலாம், திரும்பி வர எடுத்த நேரத்த வச்சு எந்த இடம்னும் சொல்லலாம், ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியமா. கசியுற வெள்ளத்தோட சூடும் சுத்தி இருக்க மண்ணோட சூடும் வேறயா இருக்கும், அதுல மாட்டிக்கிடும்.

ஜெர்மனி மாதிரி குளிர் ஊர்ல கோடைக்கும் குளிர்காலத்துக்கும் வெள்ளத்தோட சூடு நல்லா மாறும், அதனால சும்மா பாத்தாலே தெரியும். நம்ம குமரியில வருஷம் பூரா பெருசா மாறாதே, அப்பம் என்ன செய்யன்னா, கேபிள் கூட இருக்க செம்புக் கம்பியில கரண்ட் விட்டு கொஞ்ச நேரம் சூடாக்கணும். வெள்ளம் ஓடுற இடம் மட்டும் அவ்வளவா சூடேறாது. நம்ம ஊருக்கு இந்த முறைதான் சரிப்படும்னு நான் உறுதியா சொல்லுவேன்.

அணையோட நிறுத்தவும் கூடாது. பெரிய மழையில சானல் கரை ஒடஞ்சு ஏலாக்குள்ள, அதாவது வயலுக்குள்ள வெள்ளம் ஏறி, அந்தப் பக்கம் சானல் கடைசியில வயல் வச்சிருக்க கடைவரம்புக்காரன் பாசனத்துக்கு வெள்ளமில்லாம நிக்குறத நாம பாக்கத்தானே செய்யுதோம். அனந்தனாறு சானல்லயாவது அடிக்கடி ஒடையுற கரைகள்ல போட்டு பாக்கலாம். கேபிள் கூட பெரிய செலவு கெடையாது, அத வாசிக்குற கருவிதான் விலை, அந்தக் கருவி ஒண்ணு இருந்தா கிலோமீட்டர் கணக்குல பாத்துரும்.

ஆனா கருவிய வாங்கி ரூம்ல பூட்டி வச்சா பிரயோஜனம் இல்ல. தினமும் அத பாத்து, சந்தேகம் வந்தா அன்னைக்கே கரையில நடந்து போய் பாக்க ஆள் வேணும். நம்ம மாவட்டத்துல இன்ஜினியரிங் படிச்ச பிள்ளைகளுக்கா பஞ்சம், அவங்கள இதுக்கு பழக்கி வேலைக்கு எடுங்க. அணை பாதுகாப்பு சட்டம் 2021லயே வந்தாச்சு, அளவீட்டுக் கருவி வச்சு கண்காணிக்கணும்னு அதுலயே இருக்கு. அடுத்த மழைக்கு முன்னாடி சிற்றாறு ஒண்ணுலயாவது இத தொடங்கணும்னு எம்எல்ஏ கிட்டயும் நீர்வளத்துறை கிட்டயும் நாம எல்லாரும் சேந்து மனு குடுப்போம், கையெழுத்து போட வாறவங்க கமெண்ட்ல சொல்லுங்க.