கடையில் விற்காத மருந்து

அந்தப் பிளாஸ்டிக் டப்பாவை அப்பா வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். உள்ளே கொசுவைவிடச் சின்னதாக என்னவோ மூடிப் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தது. "ஊதினா பறந்துடும் போல இருக்குது. இதுவா ரெண்டு ஏக்கர் மரவள்ளிக் குச்சியைக் காப்பாத்தப் போவுது?" என்றார். இது நடந்தது 2022இல், தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் எங்கள் மேட்டுக்காட்டில்.

அவர் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. அதற்கு முன் நாலு மாதம் நாங்கள் அடிக்காத மருந்து இல்லை. மரவள்ளியில் மாவுப்பூச்சி விழுந்தால் எப்படியிருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நுனிக் குருத்து விரியாமல் கொத்தாகச் சுருண்டுகொள்ளும். கணுவுக்குக் கணு இடைவெளி குறுகி, தண்டு கோணல்மாணலாகப் போகும். இலையைத் திருப்பினால் பஞ்சு ஒட்டிய மாதிரி வெள்ளை வெள்ளையாக இருக்கும், கூடவே எறும்பு வரிசை. கிழங்கு பருக்காது, மாவும் ஏறாது. ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் பாயிண்ட், அதாவது கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்று பார்த்துத்தான் விலை போடுவார்கள் என்பதால் அடி இரண்டு பக்கமும் விழும்.

மருந்துக் கடைக்காரர் முதலில் ஒன்று கொடுத்தார். பத்து நாள் கழித்து வேறொன்று. அப்புறம் இரண்டையும் கலந்து அடிக்கச் சொன்னார். எல்லாம் கடன்தான், கிழங்கு பிடுங்கும்போது கழித்துக்கொள்வார். பூச்சியின் மேல் இருக்கும் மெழுகுப் பூச்சைத் தாண்டி மருந்து உள்ளே இறங்குவதே சிரமம் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். டேங்க் சுமந்தது அப்பாவின் முதுகு. ராத்திரி கண் எரிகிறது என்று எழுந்து உட்கார்ந்திருப்பார்.

இந்தப் பூச்சி நம்மூர்ப் பூச்சியே இல்லை. தென் அமெரிக்காவில் பிறந்தது. 1970களில் ஆப்பிரிக்காவுக்குப் போய், மரவள்ளியே சோறாக இருக்கும் ஊர்களைப் பஞ்சத்தின் வாசலில் நிறுத்தியது. அங்கே வேலை பார்த்த ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானி யோசித்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். பூச்சியின் சொந்த ஊரில் அது ஏன் இவ்வளவு ஆட்டம் போடுவதில்லை, அங்கே அதை அடக்கி வைத்திருப்பது யார் என்று தேடினார்கள். 1981இல் பராகுவேயில் ஒரு குட்டிக் குளவி கிடைத்தது. அதை வளர்த்து ஆப்பிரிக்காவில் மரவள்ளி விளையும் நாடுகளில் விட்டார்கள். ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அதே மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் தென்பட்டது. அங்கிருந்து சேலம், தர்மபுரி என்று பரவ அதிக நாள் ஆகவில்லை. பூச்சி தானாகப் பறந்து வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். நாம் லாரியில் ஏற்றி வந்த விதைக்குச்சியிலும் சேர்ந்து வந்ததுதான். 2021இல் பெங்களூரில் இருக்கும் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தார் ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து குளவியை வரவழைத்தார்கள். வந்ததும் திறந்துவிடவில்லை. தேனீ, பட்டுப்புழு போன்றவற்றுக்கு இதனால் ஆபத்து உண்டா என்று அடைத்து வைத்துச் சோதித்த பிறகே 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளியே விட ஆரம்பித்தார்கள்.

எங்களுக்கு அந்தக் குளவி டப்பாவைக் கொடுத்தவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: இனி மருந்து அடிக்கக் கூடாது. அப்பாவுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. கண்ணெதிரே பயிர் சுருளும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது டேங்க் சுமப்பதைவிடக் கொடுமை. நாலைந்து வாரம் கழித்து ஒரு இலையைக் கிள்ளி வந்து காட்டினார். மாவுப்பூச்சிகள் சில பழுப்பாகி, உப்பிப்போய் இருந்தன. ஒன்றின் முதுகில் ஊசியால் குத்தியது போல வட்டமாக ஓட்டை. குளவி பூச்சிக்குள் முட்டை வைத்துவிடும். குஞ்சு உள்ளிருந்தே தின்று வளர்ந்து, கூட்டை ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். வந்தது அடுத்த பூச்சியைத் தேடிப் போகும். சம்பளம் இல்லாத வேலைக்காரன்.

அந்த வருஷம் எங்களுக்கு நஷ்டம்தான், மறைக்க விரும்பவில்லை. அடுத்த வருஷக் குச்சி நன்றாக வந்தது. பூச்சி அடியோடு ஒழியவில்லை, அங்கங்கே இருக்கிறது. அது இருந்தால்தான் குளவிக்கும் சோறு. மருந்துக் கடைப் பாக்கி மட்டும் ஏறவில்லை.

இது நமக்குப் புதுசும் இல்லை. 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி வந்து மல்பெரியையும் பிடித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? பட்டுக்கூடு வளர்க்கும் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அது இருபக்க நெருப்பு. மருந்து அடித்த இலையைப் போட்டால் புழு செத்துவிடும். அடிக்காவிட்டால் இலையே மிஞ்சாது. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வேறொரு குளவி வந்துதான் அதை அடக்கியது. எத்தனை பேருக்கு இது தெரியும்? ஒரு ஃபிளெக்ஸாவது பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்க மாட்டீர்கள். மருந்து டப்பாவுக்கு விளம்பரம் உண்டு, கடைக்காரருக்குக் கமிஷன் உண்டு. குளவியை ஒருமுறை விட்டால் அது தானே பெருகும், பக்கத்துக் காட்டுக்கும் போகும். அதில் யாருக்கு என்ன லாபம்? நல்ல வேளாண் விஞ்ஞானம் பலதும் இப்படித்தான், விற்க முடியாததாலேயே ஊருக்குத் தெரியாமல் கிடக்கிறது. மண்ணை எடுத்துப்போய்ச் சோதித்து "உனக்கு இந்த உரம் வேண்டாம்" என்று சொல்லும் காகிதத்தையும் இதோடு சேர்க்கலாம். அதைச் சொல்ல ஆளுள்ள வேளாண் அறிவியல் நிலையம் பாப்பாரப்பட்டியில் இருக்கிறது. நம்மில் பாதிப் பேர் அதைப் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி.

"விஞ்ஞானம்தான் மண்ணைக் கெடுத்தது, அதைத் தூக்கிப் போடு" என்று வீடியோ போடும் தம்பிகளோடும் எனக்குச் சண்டை உண்டு. ரசாயனம் இல்லாமல் என் அப்பாவின் பயிர் தேறியதே விஞ்ஞானத்தால்தான். அதற்காக விஞ்ஞானத்தின் மேல் எல்லாப் பாரத்தையும் போடவும் முடியாது. சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீருக்கு நூறு சதவீத மானியம் கிடைக்கிறது, நல்லதுதான். மிச்சமான தண்ணீரில் இன்னொரு ஏக்கர் தக்காளி போட்டால் போர்வெல் எப்படி நிறையும்? நாங்களும் அதைத்தான் செய்தோம்.

இந்த வருஷம் குச்சி நடுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வெளியூர்க் குச்சியை லாரியோடு இறக்காதீர்கள், கணுவில் வெள்ளை இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சி தெரிந்ததும் கடைக்கு ஓடாமல் இலையைத் திருப்பி அந்த ஓட்டை இருக்கிறதா என்று தேடுங்கள். ஓட்டை எப்படி இருக்கும் என்று தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் காட்டுக்கு வாருங்கள். அப்பா காட்டுவார். இப்போதெல்லாம் சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடியோடுதான் திரிகிறார்.