ஜூனோ நகரம் கப்பல்களுக்கு வரம்பு வைத்தது நியாயமே

அலாஸ்காவின் தலைநகரான ஜூனோ, உல்லாசக் கப்பல்களுக்கு வரம்பு விதித்திருப்பது பினாங்கில் என் பயண நண்பர்கள் சிலருக்கு வருத்தமாக இருக்கிறது. “காசு கொண்டுவருகிறவனை யாராவது வாசலிலேயே நிறுத்துவார்களா, தம்பி?” என்று ஓர் அண்ணன் கேட்டார். அந்த ஊரில் கப்பலிலேயே போய் இறங்கியவன் என்ற முறையில், நிறுத்தலாம், நிறுத்தத்தான் வேண்டும் என்பதே என் கருத்து.

ஒரு மாநிலத்தின் தலைநகராக இருந்தும் ஜூனோவுக்கு வெளியூர்ச் சாலை கிடையாது. பின்னால் மலையும் அதற்கப்பால் பெரும் பனிவெளியும், முன்னால் காஸ்டினோ நீரிணையும் இருக்க, வடக்கே செல்லும் ஒரே சாலை ஏறக்குறைய 65 கிலோமீட்டரில் காட்டுக்குள் முடிந்துவிடுகிறது. அரிசியானாலும் ஆணியானாலும் கடல்வழியாகவோ வான்வழியாகவோதான் வந்தாக வேண்டும்.

விடியற்காலையில் மேல்தளத்தில் நின்று அந்த நீரிணைக்குள் கப்பல் நுழைவதைப் பார்த்தால் ஊரின் நெருக்கடி தானாகவே விளங்கும். இருபுறமும் மலைகள் கடலிலிருந்தே செங்குத்தாக எழுகின்றன. மேகம் பாதி மலையில் தங்கிவிட, அதன் அடியிலிருந்து அருவிகள் வெள்ளைக் கோடுகளாக இறங்குகின்றன. ஊர் எங்கே என்று கண்கள் தேடிய பிறகுதான் மலையடிவாரத்து விளிம்பில் மரவீடுகளும் படிக்கட்டுத் தெருக்களும் தென்படுகின்றன. அந்த விளிம்பிலும் கரையோரத்தின் பெரும்பகுதி, தங்கச் சுரங்கக் கற்களைக் கொட்டிக் கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். கடல் சில நாள்களில் 20 அடி ஏறி இறங்குவதால் கப்பல்களைக் கட்டி நிறுத்தும் மேடைகளே அங்கு மிதக்கின்றன. நீர் வற்றும்போது கரைக்குச் செல்லும் சரிவுப் பாலம் செங்குத்தான ஏற்றமாகிவிடுகிறது. பினாங்குக் கடலைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பெரும் வியப்பு.

1880-இல் ஜோ ஜூனோவுக்கும் ரிச்சர்ட் ஹாரிசுக்கும் தங்கம் கிடைக்கும் ஓடைக்கு வழிகாட்டியவர் டிலிங்கிட் பழங்குடித் தலைவர் கோவீ. ஊருக்கோ வந்தவரின் பெயர்தான் நிலைத்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்த நம் முன்னோரின் பெயர்களையும் பினாங்கு நினைவில் வைத்துக்கொள்ளவில்லை என்பது அங்கே நின்றபோது என்னை உறுத்தியது.

இனி கணக்கைப் பாருங்கள். ஊரின் மக்கள்தொகை சுமார் 32,000. 2023-இல் மட்டும் 16 லட்சத்துக்கும் அதிகமான கப்பல் பயணிகள் வந்தார்கள். அதுவும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான பருவத்துக்குள். பிராங்க்ளின் தெருவின் நடைபாதையில் உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் குழந்தையின் தள்ளுவண்டியோடு எங்கள் கூட்டத்தைத் தாண்ட முடியாமல் சாலையில் இறங்கி நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். தலைக்கு மேலே பனிப்பாறைக்குச் செல்லும் ஹெலிகாப்டர்களின் இரைச்சல் ஓயவே இல்லை.

இந்த நிலையில் நகர நிர்வாகம் கப்பல் நிறுவனங்களோடு பேசி, 2024 முதல் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்றும், 2026 முதல் அக்கப்பல்களின் படுக்கைகள் 16,000-ஐயும் சனிக்கிழமைகளில் 12,000-ஐயும் தாண்டக்கூடாது என்றும் உடன்பாடு செய்தது. 16,000 என்பதே ஊர் மக்களில் பாதி! சனிக்கிழமைகளில் கப்பலே வேண்டாம் என்ற யோசனை 2024 அக்டோபரில் வாக்கெடுப்புக்கு வந்தபோது அதே மக்கள் அதைத் தோற்கடித்தார்கள். கப்பலால் பிழைப்பவர்களையும் எண்ணிப் பார்த்து, அளவோடு நின்ற அந்த மக்களை விருந்தோம்பல் தெரியாதவர்கள் என்று சொல்வது பெரும் அநீதி.

பினாங்குக்கு விமான நிலையமும் உண்டு, 1985 முதல் பாலமும் உண்டு; ஆகவே நமக்கு அத்தனை நெருக்கடி இல்லைதான். ஆனாலும் சுவெட்டன்ஹாம் துறையில் பெரிய கப்பல்கள் வந்து நிற்கும் நாள்களில் லிட்டில் இந்தியா தெருக்களிலும் படகுத்துறைக் குடியிருப்புகளிலும் எத்தனை பேர் நடமாட இடம் உண்டு என்பதை நாமும் கணக்கிட வேண்டும். கடைக்காரர்களோடு, குயின் தெரு மாரியம்மன் கோயிலுக்கு அன்றாடம் போகிறவர்களையும் அந்தப் படகுத்துறை வீடுகளில் வசிப்பவர்களையும் கேட்டே அந்த எண்ணை முடிவு செய்ய வேண்டும்.